மூன்று ஷிப்ட் அட்மின்

ஜெயராமனைத் தூக்கியாகிவிட்டது. இனி எப்படி இறக்குவது என்பதுதான் சக்கரபாணிக்குப் புரியவில்லை.

தூக்கியது வாட்ஸ்அப் க்ரூப்பிலிருந்து. ‘நம்ம பிளாக் நலன்’ என்று பெயர், நூற்று அறுபத்து நாலு உறுப்பினர்கள், ஒரே அட்மின். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டுத் தோட்டத்தில் பாம்பு நுழைந்தது என்று குவார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சொல்லத்தான் சக்கரபாணி அதை ஆரம்பித்தார். ஆனால் நம் ஜனங்கள் பாம்பு வரும்வரை சும்மா இருப்பார்களா?

சக்கரபாணி சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். நானூறு தொழிலாளிகளுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுகிறவர். விதி இல்லாமல் அவருக்கு வாய்க்குள் சோறு இறங்காது. சாம்பாருக்கு குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்று ஒருமுறை அடுப்படிச் சுவரில் சுற்றறிக்கையே ஒட்டினார். மனைவி செந்தாமரை அதைக் கிழித்து எண்ணெய் டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

க்ரூப்புக்கும் பதினேழு விதிகள் எழுதியிருந்தார். ஒன்பதாவது விதி, சண்டை போட்டால் இரண்டு எச்சரிக்கை, அதற்குமேல் இருபத்துநாலு மணி நேரம் சஸ்பென்ஷன். மூன்று வருஷமாக அந்த விதியைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. வந்தது, 2018 ஆனி மாதக் கடைசியில், ஒரு பலாப்பழத்தின் உருவில்.

ஜெயராமன் காலையில் ஒரு போட்டோ போட்டார். குண்டுப் பலா ஒன்று, பக்கத்தில் அவருடைய பல் தெரியும் சிரிப்பு. கீழே, ‘நம்ம வூட்டுப் பலா.’

பின்வீட்டு சுப்பிரமணியன் உடனே போட்டார்: ‘மரம் வேலி நடுவுல நிக்குது. வேர் எங்க பக்கம். எப்படி உங்க வூட்டுப் பலா ஆகும்?’

‘வேரை நீங்க சாப்பிடுங்க. பழம் எங்க பக்கம்தானே தொங்குது?’

‘ரெண்டு வருஷமா தண்ணி ஊத்தினது யாரு?’

‘மழை.’

ஐம்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். ஐம்பது பேர் கோபப் பொம்மை போட்டார்கள். சக்கரபாணி இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். ‘அட்மின், நீ சும்மா இரு, பழம் வெட்டினா உனக்கும் உண்டு’ என்று ஜெயராமன் பதில் போட்டார். உடனே வேறு யாரோ, ‘அட்மினுக்கு லஞ்சமா?’ என்றார்கள்.

லஞ்சம்! டைம் ஆபீஸ்காரனைப் பார்த்துக் கேட்கிற வார்த்தையா அது? சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரையும் தூக்கிவிட்டார். ஐந்து நிமிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவது நிமிடம்தான் தூக்கியது யாரை என்று உறைத்தது.

ஏனென்றால் ஜெயராமன் சாதாரண ஆள் இல்லை. சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஜெனரல் ஷிப்டுக்கு ஒரே ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். தெருமுனைப் புங்கமரத்தடியில் சக்கரபாணி வண்டியை நிறுத்துவார், ஜெயராமன் டிபன் கேரியரோடு வந்து ஏறுவார், பேச்சு ஆரம்பிக்கும். வேலை செய்யும் இடம் வேறு வேறு என்பதால் போகிற இருபது நிமிடமும் வருகிற இருபது நிமிடமும்தான் அவர்களுக்குச் சொந்தம். சக்கரபாணியை ‘பாணி’ என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒருவருக்குத்தான் உரிமை. அவரோடு பேசாமல் இருப்பது என்றால் சக்கரபாணிக்கு அது பாதி ஆயுள் போன மாதிரி.

மறுநாள் காலை புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். க்ரூப்பில் இருநூறு செய்தி குவிந்திருந்தது. அதில் முப்பது குரல்பதிவு. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் தட்டினார். தலை நிமிர்ந்தபோது ஏழரை. ஜெயராமன் இல்லை. தூரத்தில் கம்பெனி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு தலை. இருபத்திரண்டு வருஷமாகப் பின்னாலிருந்து முதுகில் முட்டிய தலை அவருக்குத் தெரியாதா?

“போயிட்டான்” என்றார் புங்கமரத்திடம்.

சாயங்காலமும் பஸ்தான். ஒர்க்‌ஷாப் வாசலில் சக்கரபாணி க்ரூப்புக்குப் பதில் எழுதிக்கொண்டே அரைமணி நேரம் காத்திருந்ததுதான் மிச்சம்.

“போன் பண்ணிப் பேசுங்களேன்” என்றாள் செந்தாமரை.

“நான் எப்படிப் பண்றது? தண்டனை குடுத்தவன் நான். நானே போய்க் குழைஞ்சா விதி என்னாவறது? இருபத்துநாலு மணி நேரம் முடிஞ்சிடுச்சு. முறையாச் சேர்த்துட்டா எல்லாம் சரியாயிடும்.”

முறையாகச் சேர்க்கப் போனார். சுப்பிரமணியனை மறுபடி சேர்த்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயராமன் பெயரை எடுத்ததும் க்ரூப்பே எழுந்து நின்றது. ‘முதல்ல மன்னிப்புக் கடிதம்’ என்றது ஒரு கட்சி. ‘மன்னிப்பு கேக்கவேண்டியது அட்மின்தான்’ என்றது இன்னொரு கட்சி. ‘நண்பருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?’ என்றது மூன்றாவது.

சக்கரபாணி நேராக சுப்பிரமணியன் வீட்டுக்குப் போனார். “சார், நீங்க ஒரு வார்த்தை பெரிய மனசு பண்ணிச் சொல்லிட்டா...”

சுப்பிரமணியன் ஈஸிசேரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். “எதுக்கு சார்? அந்தப் பழத்தை அன்னிக்குச் சாயங்காலமே நானும் ஜெயராமனும் ஆளுக்குப் பாதியா வெட்டித் தின்னுட்டோமே. கொட்டையைக்கூட எங்க வீட்டுல வறுத்தாச்சு. உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சாரே, வரலையா?”

வரவில்லை. சக்கரபாணி மனசுக்குள் கணக்குப் போட்டார். சண்டை போட்டவனோடு உட்கார்ந்து பழம் தின்கிறான். அப்படியென்றால் கோபம் முழுக்க என் ஒருவன் மேல்தான்.

சுப்பிரமணியன் சமாதானம் ஆன செய்தியைக் க்ரூப்பில் போட்டார். அதற்கு வந்த முதல் பதில், ‘அவர் மன்னிக்கலாம் சார். நாங்க மன்னிக்க மாட்டோம்.’

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஒரே ஆள் தீர்ப்பு சொல்வதால்தானே இவ்வளவு பேச்சு? அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால்? புது அட்மின்கள் கூடி ஜெயராமனைச் சேர்த்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. எப்படிப் பிரிப்பது என்று அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கைக்குப் பழகின ஒரே வழி இருக்கிறதே!

மூன்று ஷிப்ட் போட்டார்.

முதல் ஷிப்ட் கார்முகில், பள்ளிக்கூட டீச்சர். இரண்டாவது ஷிப்ட் சுதாகர், கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். இரவு ஷிப்ட் ராமலிங்கம், ரிட்டையர் ஆன செக்யூரிட்டி, தூக்கமே வராது என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அடுத்தவர் மாற்ற வந்தால்தான் இருப்பவர் கிளம்பலாம். போகும்போது பொறுப்பு ஒப்படைத்து அறிக்கை எழுத வேண்டும்.

கார்முகிலின் முதல் அறிக்கை முத்து முத்தாக வந்தது. ‘காலை வணக்கம் அறுபத்தொன்று. கோலம் ஒன்பது. வைத்தியக் குறிப்பு பதினான்கு, அதில் பூண்டு பதினொன்று. சண்டை ஒன்று, சிறியது. க்ரூப் ஓடும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது.’

சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டே மறுநாள் காலை புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது.

ஜெயராமன் விஷயம் மட்டும் நகரவில்லை. கார்முகில், “இது போன ஷிப்ட் கேஸ் சார், என் ஷிப்டுல நடக்கல” என்றாள். சுதாகர், “நான் கான்ட்ராக்ட் சார். பெரிய முடிவெல்லாம் பர்மனென்ட் ஆளுங்கதானே எடுக்கணும்?” என்றான். ராமலிங்கம் சேர்த்தே விட்டார். ஆனால் தூக்கக் கலக்கத்தில் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வியாபாரம் பண்ணும் வேறொரு ஜெயராமனைச் சேர்த்துவிட்டார். அந்த மனிதர் வந்த கையோடு முந்திரி விலைப்பட்டியலைப் போட்டுவிட்டு, ‘ஹோம் டெலிவரி உண்டு’ என்றார். அவரைத் தூக்கக் கூடாது என்று ஒரு கட்சி கிளம்பியது.

பத்தாம் நாள் சுதாகர் டைம் ஆபீசுக்கே வந்துவிட்டான்.

“சார், நாங்க மூணு பேரும் ஒரே வேலைதான செய்யறோம்? அவங்க பேருக்கு நேரா ‘நிர்வாகி’ன்னு போட்டிருக்கீங்க, என் பேருக்கு நேரா ‘தற்காலிகம்’னு போட்டிருக்கீங்க. க்ரூப்புலயுமா சார் நான் கான்ட்ராக்ட்டு?”

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில் கை தானாக எழுதிய வார்த்தை. “தப்புதான் சுதாகர். மாத்திடறேன்பா” என்றார், மனசார.

மாற்றுவதற்குள் காரியம் கெட்டது. அன்று ராத்திரி பத்து மணிக்குச் சுதாகரை மாற்ற ராமலிங்கம் வரவில்லை. எட்டு வருஷமாக வராத தூக்கம் அன்றைக்கென்று வந்து அவரை அமுக்கிவிட்டது. சுதாகர் பதினொன்று வரை பார்த்தான். அப்புறம், அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி க்ரூப்பைப் பூட்டிவிட்டுப் படுத்துவிட்டான்.

விடிகாலையில் தண்ணீர் பிரிவிலிருந்து ஜெயராமன் தெரு ஆள் ஒருவருக்குத் தகவல் வந்தது. டேங்க் கழுவுகிறார்கள், ஆறரைக்குத் தண்ணீர் நிற்கும். க்ரூப்பில் போடப் பார்த்தார், முடியவில்லை. சரியாக ஆறரைக்குப் பிளாக் முழுக்க சோப்பு நுரையோடு நின்றது. ஷாம்பு போட்ட தலையோடு ஒருவர் சக்கரபாணி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

சக்கரபாணி சுதாகருக்குப் போன் போட்டார். “ஏம்பா, யாரைக் கேட்டுப்பா பூட்டின?”

“என்னா சார் நீங்களே கேக்கறீங்க? மாத்தறதுக்கு ஆள் வரல. ஆள் இல்லாம மெஷினை ஓட விட்டுட்டுப் போவலாமா? பெல்ட்டை நிறுத்திட்டுத்தான் போவணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

சுரங்கத்துக்கு அதுதான் சட்டம். க்ரூப்புக்கும் அதையே போட்டவர் அவர்தான்.

அன்றைக்கு நுரை காய்ந்த தலைகள் கூடிப் போட்ட தீர்மானம்: அட்மினே வேண்டாம், இல்லையென்றால் எல்லாரும் அட்மின். சக்கரபாணியும் வெறுத்துப்போய்ச் சரி என்றார். எல்லாரும் அட்மின் என்றால் ஜெயராமனுக்கு வேண்டியவர்கள் யாராவது சேர்த்துவிடுவார்கள் அல்லவா?

சேர்க்க நேரம் எங்கே இருந்தது? நூற்று அறுபத்து நாலு பேர் கையிலும் செங்கோல். முதல் அரைமணி நேரத்தில் க்ரூப்பின் பெயர் பதினொரு தடவை மாறியது. முகப்புப் படம் முருகனாகி, பலாப்பழமாகி, யாரோ ஒரு குழந்தையின் மொட்டைத் தலையாகி நின்றது. மருமகள் மாமியாரைத் தூக்கினாள். மாமியாரின் தங்கை மருமகளைத் தூக்கினாள். மாலைக்குள் எழுபது பேர் வெளியே நின்றார்கள். முந்திரி ஜெயராமன் மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தார்.

“பேசாம எல்லாத்தையும் கலைச்சிட்டு நிம்மதியா இருங்க” என்றாள் செந்தாமரை.

“கலைச்சா எதுல அவனைச் சேர்க்கறது?” என்றார் சக்கரபாணி. “பதினஞ்சு நாளாச்சு செந்தா. ஸ்கூட்டர் பின்சீட்டு வெறிச்சோடிப் போய்க் கெடக்கு. வண்டி ஓட்டவே பிடிக்கல.”

செந்தாமரைக்கும் பாவமாக இருந்தது. “சரி, தெருவுக்கு ஒண்ணாப் பிரிச்சிக் குடுத்துடுங்க. அவங்கவங்க தெருவை அவங்கவங்க பாத்துக்கட்டும். அவர் தெருவுல அவரைச் சேர்த்துக்காமலா போயிடுவாங்க?”

ஒன்பது தெரு, ஒன்பது க்ரூப். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தெருவே தேர்ந்த தனி அட்மின், தனி விதி. எல்லாவற்றிலும் பார்வையாளராகச் சக்கரபாணி. பிரித்துவிட்டால் சத்தம் குறையும் என்று நினைத்தது அவருடைய அப்பாவித்தனம். ஒரு தெருவில் போட்ட காலை வணக்கத்தை மற்ற எட்டுத் தெருவுக்கும் பரிமாறினால்தான் ஜனங்களுக்கு மனசு ஆறியது. ஒரே ரோஜாப்பூ ஒன்பது தடவை வந்தது. முதல் தெருவில் ‘நாளை பவர் கட்’ என்று புறப்பட்ட செய்தி நாலாவது தெருவில் ‘ஒரு வாரம் பவர் கட்’ ஆகி, ஒன்பதாவது தெருவில் ‘குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள்’ என்று போய்ச் சேர்ந்தது. அங்கே வள்ளியம்மாள் என்கிற அம்மாள் பீரோவைக் காலி பண்ணவே ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இடத்தில் மறுப்பு எழுத வேண்டியிருந்தது. காலையில் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தினால் தலை குனிந்தது குனிந்ததுதான். நிமிர்ந்தால் பஸ் போயிருக்கும்.

ஜெயராமன் தெரு அட்மினைக் கேட்டதில், “அவரைக் கூப்பிட்டோம் சார். ‘பாணி இருக்கற க்ரூப்பா? வேணாம்ப்பா’ன்னுட்டார்” என்று பதில் வந்தது.

அன்றிரவு சக்கரபாணி இரண்டு இட்லிக்குமேல் சாப்பிடவில்லை.

நாற்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தங்கள் தெரு க்ரூப்பில் நாலு பேர் ஏதோ சமையல் குறிப்பு பேசிக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி குறுக்கே புகுந்து பழைய பதினேழு விதிகளை மறுபடி ஒட்டினார். இரண்டாம் தடவை ஒட்டினார். மூன்றாம் தடவை ஒட்டப் போனபோது எழுத முடியவில்லை. ‘நீங்கள் நீக்கப்பட்டீர்கள்’ என்று வந்தது.

போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். “என்னைத் தூக்கிட்டாங்கடி! ஆரம்பிச்சவனையே தூக்கிட்டாங்க! யாரு இந்தத் தெருவுக்கு அட்மின்?”

“நான்தான்” என்றாள் செந்தாமரை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

“கட்டின புருஷனையா?”

“ரெண்டு தடவை எச்சரிக்கை போட்டேன். நீங்க பாக்கல. சொந்தம்னு விட்டா விதிக்கு என்ன மரியாதை? இருபத்துநாலு மணி நேரம். அப்புறம் பாக்கலாம்.”

சக்கரபாணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். சண்டை போடத் தோன்றவில்லை. இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் இப்படி வலிக்கிறதே! ஊரெல்லாம் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நம்மை மட்டும் கதவுக்கு வெளியே விட்ட மாதிரி. நாற்பது நாளாக ஜெயராமனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

“செந்தா” என்றார். “நான் பாவி.”

“அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நாலு வீடு தள்ளி அடுத்த தெருவுலதானே இருக்காரு? போய் நேர்ல சொல்லுங்க.”

“நேர்லயா?”

சத்தியமாக அவருக்கு அந்த வழி தோன்றியிருக்கவே இல்லை. எட்டு க்ரூப்பிலிருந்தும் ஒவ்வொன்றாக வெளியே வந்தார். போனை அணைத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்தது ஜெயராமனின் மனைவி செங்கமலம். “வாங்கண்ணா, வாங்க! எத்தினி நாளாச்சு! அவரு பஜாருக்குப் போயிருக்காரு. வர்ற நேரந்தான், குந்துங்க.”

சக்கரபாணி உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தெரியும்.

“இல்லம்மா, நின்னுகிட்டே சொல்லிடறேன். நான் பண்ணது தப்பு. பெரிய தப்பு. க்ரூப்பும் வேணாம், அட்மினும் வேணாம், எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். அவன் எம்மேல கோவப்பட்டதுல நியாயம் இருக்கு. ஆனா நாப்பது நாளா எங்கூட வண்டியில ஏறாம, ஒரு வார்த்தை பேசாம பஸ்ஸுல போறானே, அதை என்னால தாங்க முடியலம்மா. நாளைக்கு ஒரு நாள் வந்து ஏறச் சொல்லு. திட்டணும்னா வழி முழுக்கத் திட்டட்டும். கேட்டுக்கறேன்.”

கண்ணில் தண்ணீர் நின்றது. செங்கமலம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தாள்.

“ஐய, அவருக்கு என்னாங்கண்ணா கோவம்? தெனம் காலையில உங்க வண்டியாண்ட வந்து நின்னுகினு ‘பாணி, பாணி’ன்னு கூப்புட்டுப் பாக்கறாரு, நீங்க காதுல ஒயர மாட்டிகினு போன விட்டுத் தலையே தூக்க மாட்டேங்கறீங்க, ‘எம்மேல பாணிக்கு இன்னும் கோவம் தீரல செங்கமலம்’னு சொல்லிச் சொல்லி இந்த மனுசன் நாப்பது நாளா ஒழுங்கா சோறு துண்ணலீங்க!”